பெங்களூர்ல பழகிட்டு கடலோர பாறை மேல கோல்ஃப் ஆடப் போறீங்களா? காத்தை சமாளிக்க ஸ்டெப் பை ஸ்டெப்

ஆன்சைட்ல கலிபோர்னியா போற நம்மாளுங்க நிறைய பேரு பெப்பிள் பீச், டோரி பைன்ஸ் மாதிரி கடலோர கோல்ஃப் கோர்ஸ்ல ஒரு ரவுண்டாவது ஆடிரணும்னு இருப்பாங்க (டோரி பைன்ஸ் சான் டியாகோ சிட்டிக்கு சொந்தமானது, யாரு வேணா புக் பண்ணலாம்). வியூ செமையா இருக்கும், ஆனா காத்து ஸ்கோர்கார்டை கிழிச்சிரும்.

ஸ்டெப் 1: பெங்களூர் யார்டேஜை (எந்த கிளப்ல எவ்வளவு தூரம் போகும்ங்கிற கணக்கை) மறந்துருங்க. நாம இருக்கிறது கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல, காத்து அடர்த்தி கம்மி, அதனால பால் ஒரு 3% கூடவே பறக்குது. இங்க 7 அயர்ன் கிளப்ல 150 யார்டுன்னா கடல் மட்டத்துல 145 தான், குளிர் இருந்தா இன்னும் குறையும்.

ஸ்டெப் 2: காத்தை படிங்க. புல்லை பிச்சு போட்டுப் பாக்குறது உங்க காலடியில என்ன நடக்குதுன்னு மட்டும்தான் காட்டும், கிரீன்ல (குழி இருக்கிற வழுவழு புல்தரை) இருக்கிற கொடி, மர உச்சி, கீழ அலை எந்தப் பக்கம் ஓடுதுன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. எதிர்க்காத்து வேகத்துல மணிக்கு ஒவ்வொரு மைலுக்கும் தோராயமா 1% தூரம் குறையும், அப்போ 15 மைல் காத்துல 150 யார்டு ஷாட்டை 170க்கு மேலன்னு நினைச்சு ஆடணும். பின்காத்து அதுல பாதிதான் கொடுக்கும், ரொம்ப நம்பாதீங்க.

ஸ்டெப் 3: இதுதான் மெயின். எதிர்க்காத்துன்னா ஓங்கி அடிக்கத்தான் கை துடிக்கும், அடிச்சீங்கன்னா பேக்ஸ்பின் கூடி பால் ஜிவ்வுனு மேல ஏறி அங்கயே நின்னு பொத்துனு விழும். ரெண்டு கிளப் பெருசா (7 அயர்னுக்கு பதிலா 5 அயர்ன்) எடுங்க, கிரிப்பை ஒரு இன்ச் கீழ பிடிங்க, நிக்கிற ஸ்டான்ஸ்ல பால் கொஞ்சம் பின்னங்கால் பக்கமா இருக்கட்டும், முக்கால் ஸ்விங், கை நெஞ்சு உயரத்தோட ஃபினிஷ் ஆகட்டும். பெப்பிள் பீச் 7வது ஹோல் 110 யார்டு கூட இல்ல, இறக்கம் வேற, காத்து இல்லாத நாள்ல வெட்ஜ் (குறைஞ்ச தூரத்துக்கான கிளப்) போதும். 1992 யுஎஸ் ஓப்பன் கடைசி ரவுண்ட்ல அமெரிக்க வீரர் டாம் கைட் அங்க எடுத்தது அதைவிட ரொம்ப தூரம் போற 6 அயர்ன்! அப்பவும் கிரீன் மிஸ், ஆனா அங்கிருந்து சிப் பண்ணி (கிரீனுக்கு வெளியேருந்து சின்னதா தட்டி) குழிக்குள்ள போட்டாரு, கடைசில கப்பும் அவருக்குத்தான்.

ஸ்டெப் 4: காத்து கடலைப் பாத்து அடிச்சா, தரைப் பக்கம் தாராளமா தள்ளி எய்ம் பண்ணுங்க. பால் கீழ போச்சா, போகட்டும், எட்டிப் பாக்காதீங்க ப்ளீஸ். அங்க சிவப்பு குச்சி நட்டிருந்தா (பெனால்டி ஏரியான்னு அர்த்தம்) ஒரு ஷாட் பெனால்டி, பால் அதோட விளிம்பைத் தாண்டின இடத்துலேருந்து ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள, ஹோலுக்கு கிட்ட போகாம டிராப் பண்ணலாம்.

ஸ்டெப் 5: பட்டிங் (கிரீன்ல பாலை குழிக்கு உருட்டுறது). காலை அகலமா வைங்க, அவ்வளவுதான். பாலை மார்க் பண்ணி எடுத்து திரும்ப வச்ச அப்புறம் காத்து தள்ளுச்சுன்னா பழைய இடத்துலயே வைக்கணும், எடுக்கவே இல்லன்னா தள்ளி நின்ன இடத்துலேருந்து ஆடணும். ரெண்டுலயும் பெனால்டி கிடையாது.

பிராக்டிஸுக்கு ஆடி மாசத்தை விட்டா நல்ல சீசன் இல்ல, அம்மியே பறக்குற காத்து சும்மா கிடைக்குது. கேஜிஏலயோ (கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன்) பக்கத்துல இருக்கிற எந்த ரேஞ்சுலயோ காத்துக்கு எதிரா நின்னு அடிக்கிற மாதிரி ஒரு இடமா பாத்து பிடிச்சு, ஒரு பக்கெட் முழுசும் 7 அயர்ன்லயே 100 யார்டு போர்டுக்கு தாழ்வா அடிங்க.