மல்லிகை மொக்கு ஊதாவாகிக் கொட்டியதை நிறுத்திய விதம்

நிலக்கோட்டைப் பக்கம் குடும்ப நிலத்தில் ரசாயனம் போடாமல் மல்லிகை வளர்த்து, சரமும் மாலையும் நாங்களே கட்டி விற்கிறோம். இந்தக் கோடையில் மொக்குகள் விரியும் முன்பே ஊதா நிறமாகி உதிர்ந்தன. மாலைக்குத் தேறிய பூ பாதிகூட இல்லை.

மொக்குப்புழு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தோம், விளக்குப்பொறி வைத்தோம், தண்ணீர் விடும் இடைவெளியையும் மாற்றிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் கொட்டிய மொக்கு ஒன்றை நகத்தால் பிளந்தேன். மொக்குப்புழு என்றால் துளையும் எச்சமும் இருக்கும். இதில் துளையே இல்லை. அடிப்பாகம் மட்டும் லேசாக வீங்கி, உள்ளே நொய்யரிசியைவிடச் சின்ன வெள்ளைப் புழுக்கள். இது மொக்குக்குள் முட்டையிடும் மொக்கு ஈயின் வேலை. புழு வளர்ந்ததும் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். இலைமேல் எவ்வளவு தெளித்தாலும் அடுத்த தலைமுறை தூரடியில் பத்திரமாக இருக்கும்.

சரி, மண்ணைக் கவனிப்போம் என்று இறங்கினோம். தூரைச் சுற்றி மேல்மண்ணைக் கொத்திக் கிளறி வெயிலில் காயவிட்டு, வேப்பம்புண்ணாக்குத் தூள் தூவிக் கலந்தோம். ஊதா மொக்குகளைச் செடியிலிருந்தும் தரையிலிருந்தும் தினமும் பொறுக்கி எரித்தோம். குப்பைக்குழியில் போட்டால் அங்கிருந்தே ஈ கிளம்பும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடுத்த பூப்பில் மொக்கு வெள்ளையாகவே நின்றது. பெரிய நிம்மதி. கவாத்து, அதாவது கிளை வெட்டு, முடிந்ததும் இதே கொத்தும் புண்ணாக்கும் இனி தவறாமல் உண்டு.