பேஸ் சொதப்பினால் உடனே கார்ட்ரிட்ஜை மாற்றாதீர்கள்

டர்ன்டேபிளில் ஓடும் ரெக்கார்டில் (இசைத்தட்டில்) பேஸ் கொழகொழவென்று கேட்கிறது, கனமான டிரம் அடியில் ஊசி எகிறுகிறது என்றதும் பலர் விலை கூடிய கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய சிறு பெட்டியை) தேடிப் போகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. கார்ட்ரிட்ஜும் அதைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு.

ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு ரப்பர் பிடிப்பில் நிற்கிறது. அதன் நெகிழ்வுக்குக் கம்ப்ளையன்ஸ் என்று பெயர். இந்த நெகிழ்வும் ஆர்மின் எடையும் சேர்ந்து ஏதாவது ஒரு அதிர்வெண்ணில் தானாகவே ஆடும். அந்த ஆட்டம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். கீழே இறங்கினால் தட்டின் வளைவு ஆர்மைக் குலுக்கும். மேலே ஏறினால் இசையின் பேஸே வீங்கும்.

கணக்கு எளிதுதான். ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி முனையில் உணரப்படும் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 159ஐ அதால் வகுத்தால் விடை. 10 கிராம் ஆர்மில் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜை மாட்டினால் (7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20) சுமார் 8.5 ஹெர்ட்ஸ் வரும். நல்ல பொருத்தம். ஆனால் ஜப்பானிய கார்ட்ரிட்ஜ்களில் கவனம் தேவை. டெனான் டிஎல்-103க்குத் தரப்படும் 5 என்ற எண் 100 ஹெர்ட்ஸில் அளந்தது. இந்தக் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு; எனவே அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டு தேயக்கூடாது என்று ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைப்பது இன்னொரு தவறு, என் கணிப்பில் மிக மோசமான தவறு. எடை போதாத ஊசி பள்ளத்தின் சுவரைவிட்டு விலகி, திரும்ப வந்து மோதும். அந்தக் காயம் தட்டில் நிரந்தரம். 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம் என்றால் 1.8 கிராமே வையுங்கள். சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று போதும். இதற்கு நேர்மாறாக, ஊசி எகிறுகிறதே என்று ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைப் பிடிக்கும் ஆர்மின் முனை) மேல் நாணயம் வைப்பவர்களும் உண்டு. ஊசியின் அழுத்தம் வரம்பு மீறுவதோடு ஆர்மின் எஃபெக்டிவ் மாஸும் கூடி, மேலே போட்ட கணக்கே குலைந்துவிடும்.

டெலார்க் நிறுவனம் வெளியிட்ட சாய்கோவ்ஸ்கியின் ‘1812’ தட்டில் பீரங்கி வெடிக்கும் இடங்களில் வரிகள் நெளிவது வெறுங்கண்ணுக்கே தெரியும். அங்கே ஊசி தாண்டினால் உங்கள் டர்ன்டேபிள் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். சாதாரணத் தட்டுகள் அந்த அளவுக்குப் போவதில்லை.

கடைசியாக, வைக்கும் இடம். தட்டை வெட்டும்போது பேஸைக் குறைத்தே பதிகிறார்கள். ஆர்ஐஏஏ என்ற பொது அளவுமுறைப்படி, ஊசியின் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் அதைத் திரும்ப உயர்த்துகிறது: 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 9 மடங்கு. இசையோடு சேர்ந்து மோட்டார் உறுமலும் ஸ்பீக்கர் அதிர்வும் அதே அளவு பெருகும். எனவே டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் வைக்கவே கூடாது.

பாட்டில் பேஸ் இல்லாத இடத்திலும் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) முன்னும் பின்னும் துடிக்கிறதா? ஆம்ப்ளிஃபயரில் இரு சேனல்களையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்துங்கள். பேஸைப் பெரும்பாலும் இரு சேனல்களிலும் ஒன்றாகவே, பக்கவாட்டு அசைவாக வெட்டுகிறார்கள். மேல்கீழ் அசைவை மோனோ ரத்து செய்துவிடும். துடிப்பு அடங்கினால் அது தட்டின் வளைவு. காதுக்குக் கேட்காத தாழ் அதிர்வுகளை வடிகட்டும் சப்சானிக் ஃபில்டர் இருந்தால் போட்டுவிடுங்கள்.