மயக்க மருந்துக்குப் பிறகு பெரியவர் தடுமாறினால்

பதுளையிலோ நுவரெலியாவிலோ ஒப்பரேஷன் முடித்து தேயிலைத் தோட்ட லயத்துக்குத் திரும்பிய அப்பாயி, ராத்திரி எழும்பி "கொழுந்து நிறுக்கப் போகணும்" என்றால் பேய் பிடித்ததல்ல. மந்திரிக்க ஓட வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் சில நாட்களில் வரக்கூடிய குழப்பம் இது. பகலில் தெளிந்து இரவில் கூடும். டாக்டருக்கு அன்றே சொல்லுங்கள்.

எதிர்த்து வாதாடாதீர்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் போட்டுவிட்டு, கிழமையையும் இடத்தையும் மெதுவாகச் சொல்லுங்கள். பகலில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். தூங்கட்டுமென்று சளிக்கு வைத்திருக்கும் பிரிட்டோன் (Piriton) மாத்திரையைக் கொடுப்பதுதான் பெரிய பிழை, குழப்பம் கூடும். சிறுநீர் அடைத்தாலும், மலம் இறுகினாலும் இப்படியாகும். காய்ச்சல், மூச்சிரைப்பு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

தினமும் குடிப்பவரானால் ஒப்பரேஷனுக்கு முன்பே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இளையவர்களும் மயக்க மருந்துக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குத் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, த்ரீவீல் இரண்டையும் தொடக்கூடாது.