கேம்பர் வேனில் வெளி மின் இணைப்பு: எங்கே வெட்டுவது, தண்ணீரை எப்படித் தடுப்பது

வேனுக்கு 230 வோல்ட் இணைப்பு வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சாக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் அதை எங்கே பொருத்துவது என்று வேனைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இடம் சரியில்லை என்றால் எத்தனை டியூப் சீலன்ட் பூசினாலும் ஒருநாள் தண்ணீர் உள்ளே வந்தே தீரும்.

பொருள் என்னவோ எளிது. கேம்பிங் இடங்களில் பரவலாகப் புழங்கும் நீல நிற 16 ஆம்பியர் மூன்று முள் இன்லெட் (வெளிக் கரண்டை வேனுக்குள் எடுக்கும் சாக்கெட்), ஐஇசி (சர்வதேச மின் தரநிலை அமைப்பு) 60309 வகை, மூடி உள்ளது. முள் இருக்கும் பக்கம் வேனில்தான் வரவேண்டும், ஓட்டை இருக்கும் பக்கம் கேபிளில். இதை மாற்றிவிட்டால் கரண்ட் ஓடும் முள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தொட்டால் ஆளையே கொன்றுவிடும். ஐபி44 பாதுகாப்பு (எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் தரம்) கேபிள் சொருகியிருக்கும்போதும் எடுத்த பிறகும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது இடம். தரைமட்டத்திலிருந்து 1.8 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது ஐஇசி விதி. என்னைக் கேட்டால் முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ், பக்கவாட்டுச் சுவரில், முடிந்தால் மூடியின் கீல் மேலே வரும்படி. பம்பருக்கு அடியில் வைத்தால் பாடியை வெட்ட வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் டயர் அடிக்கும் சேறும் கல்லும் நேராக அதன் மேல்தான் விழும், மூடியின் ஸ்பிரிங் சீக்கிரமே இறுகிப்போகும். சறுக்குக் கதவு திறந்து வந்து நிற்கும் பகுதியைத் தவிருங்கள். எரிபொருள் ஊற்றும் வாய், கேஸ் சிலிண்டர் பெட்டி, அதன் காற்றுத் துளை, இவற்றின் பக்கமே போகாதீர்கள். தகடு வளைந்திருக்கும் இடமும் வேண்டாம், ஏனென்றால் விளிம்பு சமமாக உட்காராவிட்டால் மொத்தச் சுமையும் சீலன்ட் தலையில் விழும்.

உள் பக்க லைனிங்கைக் கழற்றிப் பார்க்காமல் துளை போடவே கூடாது. பின்னால் குறுக்குச் சட்டமோ வண்டியின் வயர்க்கட்டோ இருக்கலாம். உள்ளிருந்து ஒரு சின்னத் துளை போட்டு வெளியே அது எங்கே வருகிறது என்று பார்த்த பிறகு, வெளியில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஹோல் சாவால் (வட்டமாகத் துளை வெட்டும் ரம்பம்) வெட்டுங்கள். வெட்டும்போது கீழே கொட்டும் இரும்புத் துகள் சாதாரண விஷயம் இல்லை: சூடாகப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும், மழை பட்டதும் ஒவ்வொரு துகளும் ஒரு துருப் புள்ளியாக மாறும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை டேப் போட்டுத் தொங்கவிட்டுப் பிடியுங்கள், மீதியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள்.

அடுத்துத்தான் நிறையப் பேர் அவசரப்படும் கட்டம். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, துருத் தடுப்பு ப்ரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். திருகுத் துளைகளுக்கும் இதே வேலைதான். மூடி வழியாகத் தண்ணீர் வருவதைவிட இந்த விளிம்பு துருப்பிடித்துச் சீலன்ட் பிடி விட்டு வருவதுதான் அதிகம். சீலன்டில் பாலியூரிதீன் வகையோ பியூட்டில் டேப்போ (ஒட்டும் ரப்பர் நாடா) நல்லது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் இரும்பை அரிக்கும். விளிம்பின் பின்புறம் இடைவெளி விடாமல் ஒரு வளையமாக, திருகுகளைச் சுற்றியும் பூசுங்கள். பாலியூரிதீன் என்றால் மிதமாக முறுக்கி, கொஞ்சம் இறுகிய பிறகு முழுதாக முறுக்குங்கள், முதலிலேயே அழுத்தினால் எல்லாம் வெளியே பிதுங்கிவிடும். பெட்டியின் அடியில் நீர் வடியும் துளை இருந்தால் அதை மட்டும் அடைக்காதீர்கள்.

உள்ளே 2.5 சதுர மி.மீ. பல இழை கேபிள். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி, வண்டி அதிர்வில் முறிந்துவிடும். இன்லெட்டுக்குள் நுழையுமுன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பு கேபிளை அறுக்காமல் காக்கும் வளையம்). அங்கிருந்து முடிந்தவரை குட்டையாக, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இரட்டை முனை எம்சிபிக்கும் (கரண்ட் அளவு மீறினால் இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்). இரட்டை முனை எதற்கு என்றால், சில இடங்களில் பேஸும் நியூட்ரலும் மாறி வரும். வேன் பாடிக்குக் குறைந்தது 4 சதுர மி.மீ. எர்த் வயர், பெயின்ட் சுரண்டிய இரும்பில். இந்த இணைப்புகளில் பழக்கம் இல்லாதவர்கள் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சீலன்ட் முழுக்கக் காய்ந்த பிறகு, கரண்ட் இல்லாமலே சோதியுங்கள். இன்லெட்டின் பின்னால் டிஷ்யூ பேப்பரை வைத்து, வெளியே மேலிருந்து குழாய்த் தண்ணீரைச் சில நிமிடம் ஊற்றுங்கள், முதலில் மூடி சாத்தி, பிறகு கேபிளைச் சொருகி, அதன் மறுமுனை எதிலும் சேராமல். பேப்பர் எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு. உலர்ந்த பிறகு கரண்ட் கொடுத்து ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கவில்லை என்றால் கேபிளை உடனே எடுத்துவிடுங்கள்.

சொருகும்போது முதலில் வேன், பிறகு கேம்பிங் இடத்தின் கரண்ட் கம்பம். எடுக்கும்போது முதலில் கம்பம். கேபிளை ரீலிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடி ஹீட்டர் போட்டால் உருகும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பார்த்து, வெடித்திருந்தால் மாற்றுங்கள்.