கூலிக்காரக் குடும்பத்துக்கு வம்சாவளி கிடைக்காது என்று யார் சொன்னது? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் தேடும்போது செய்யும் தவறுகள்

கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பன் பெயர் என்ன என்று கேட்டால் நம் பக்கத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏருக்கும் தறிக்கும் கல் உடைக்கவும் போன குடும்பங்களில் யார் உட்கார்ந்து எழுதி வைப்பது? ஆனால் "எங்களைப் பத்தி எதுவுமே எழுதி இருக்காதுங்க" என்று ஆரம்பத்திலேயே கையை விரித்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நம் ஆட்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். வரி வசூலிக்கிறவன், கப்பலில் ஏற்றுகிறவன், பக்கத்துக் காட்டை விற்கிறவன் என்று அடுத்தவர்கள் தங்கள் தேவைக்காக நம் ஆட்களின் பெயரை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நாம் தேட வேண்டியது அடுத்தவன் காகிதத்தில்.

பலரும் நேராகப் போய் விழும் குழி, இன்றைய மாவட்டப் பெயர். தர்மபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2-ல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். 19-ஆம் நூற்றாண்டு முழுக்க நாமெல்லாம் சேலம் ஜில்லா. பாராமகால் சீமை, அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) கைமாறியது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 1799-ல் திப்பு இறந்த பிறகுதான் வந்தது. தாலுக்காவும் இப்படித்தான். பென்னாகரத்துக்காரர் தர்மபுரி தாலுக்காவில் பார்க்க வேண்டும், அரூர்க்காரர் ஊத்தங்கரை தாலுக்காவில். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று கேட்டால் பழைய கட்டு எதுவும் வராது, சேலம் ஜில்லா என்று கேட்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்தும் படாத பாடு படுத்தும். துரை காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார்: கிஸ்ட்னகெரி, ஊசூர், தர்மபூரி. பாப்பாரப்பட்டியா பாப்பிரெட்டிப்பட்டியா என்று குழம்பி நிற்கும்போது பக்கத்தில் எழுதியிருக்கும் நாலு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் படித்தால் தெளிந்துவிடும்.

வருஷக் கணக்கு இன்னொரு வம்பு. பழைய வருவாய்க் கணக்கெல்லாம் பசலியில் இருக்கும், ஜூலையில் தொடங்கும் ஆண்டு அது. 590-ஐக் கூட்டுங்கள்: பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. அதைக் கலியுகம் என்றோ சக ஆண்டு என்றோ நினைத்துக் கணக்குப் போட்டால் தாத்தா எங்கேயோ போய் நிற்பார். தமிழ் வருஷப் பெயரை வைத்துச் சொல்வதில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. "தாது வருஷத்துல பொறந்தவரு" என்று பாட்டி சொன்னால் அது 1876-ஆகவும் இருக்கலாம், அறுபது வருஷம் கழித்து வந்த 1936-ஆகவும் இருக்கலாம். 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சம் பற்றியும் பேசினார்களா, அப்போது கல்யாணமாகி இருந்தவர் யார், எந்தப் பிள்ளை கைக்குழந்தை என்று கேட்டால்தான் எந்தச் சுற்று என்று பிடிபடும். ரயில் கதையும் அப்படியே. தாத்தா தர்மபுரிக்கு ரயில் ரோடு போடப் போனார் என்றால் அது 19-ஆம் நூற்றாண்டுக் கதை அல்ல, ஏனென்றால் மொரப்பூர் – தர்மபுரி சின்ன ரயிலே 1906-ல்தான் ஓடியது. மொரப்பூர் வழியாகப் போகும் பெரிய பாதைக்கு மண் சுமந்தார் என்றால் சரி, அது 1860-களின் வேலை.

தாது வருஷப் பஞ்சத்தைக் கணக்கில் எடுக்காமல் நம் பக்கத்துக் குடும்பம் எதையும் தேட முடியாது என்பது என் கருத்து. 1876 முதல் 1878 வரை. சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871-ல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம்; 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் போக, ஊரைவிட்டு ஓடியவர்களும் அதில் உண்டு. ஓடியவர்களில் எல்லோரும் பழைய ஊருக்கே திரும்பிவிடவில்லை. ஆனாலும் "முந்நூறு வருஷமா இதே ஊருதான்" என்று நம்பி ஒரே கிராமத்தின் கணக்கையே புரட்டிக்கொண்டு இருப்பவர்கள் அதிகம். உங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது? வீடு காரிமங்கலத்தில் இருக்க, பொங்கல் வைக்க ராயக்கோட்டைப் பக்கம் போகிறீர்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. முதலில் அந்தக் கோயிலுக்குப் போய், பங்காளிகள் யார், எந்தெந்த ஊரிலிருந்து வரி கொடுக்கிறார்கள் என்று பூசாரியிடம் கேளுங்கள். கோயில் வரி நோட்டு பழசாக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் தலைக்கட்டுப் பட்டியலைப் பூசாரி வாயாலேயே சொல்லிவிடுவார்.

சென்சஸ் பற்றி ஒரு வரி. 1871, 1881, 1891 சென்சஸ் எல்லாம் நடந்தது உண்மை, ஆனால் வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள்கள் இன்று கிடைக்காது, கூட்டல் கணக்கு மட்டும்தான் மிச்சம். இங்கிலாந்துக்காரர்கள் சென்சஸில் தாத்தா பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பார்த்துவிட்டு நாமும் அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நிலத்துக்கு வருவோம், விஷயம் இங்கேதான் இருக்கிறது. இணையத்தில் பட்டா, சிட்டா எடுத்துப் பார்த்துவிட்டு, அதில் இருக்கும் பெயரிலிருந்து பின்னால் போக முயல்வார்கள். அது 1980-களில் நடந்த யுடிஆர் (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பதிவுக்குப் பிந்தைய நிலவரம், அதற்கு அப்பால் ஓர் அடிகூடப் போகாது. வில்லங்கச் சான்றும் இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான். அதற்கு முந்தையதை சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் மனுப் போட்டுத்தான் தேட வேண்டும். பத்திரப் பதிவு 1860-களிலேயே வந்துவிட்டது என்பதால் தேடுவதற்கு அங்கே சரக்கு இருக்கிறது. "எங்களுக்குத்தான் நெலமே இல்லையே" என்பீர்கள். சரி, பக்கத்து நிலத்தின் பத்திரத்தைப் பாருங்கள். மாதிரிக்கு ஒன்று சொல்கிறேன், பழைய கிரயப் பத்திரம் இந்தச் சாயலில் இருக்கும்: "சேலம் ஜில்லா கிருஷ்ணகிரி தாலுக்கா இன்ன கிராமத்திலிருக்கும் பெரிய முனியன் குமாரன் மாரியப்பன், கூலி ஜீவனம்…" பிறகு செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை விவரம் வரும்: "இதற்குக் கிழக்கு சின்னப்பையன் குடிசை, வடக்கு காளியம்மாள் அனுபவிக்கும் கொல்லை, மேற்கு வண்டிப்பாதை." அந்தச் சின்னப்பையன் தன் பெயரில் ஒரு பத்திரமும் எழுதியிருக்க மாட்டார். ஆனால் அவருடைய குடிசை எந்த வருஷம் எந்த இடத்தில் இருந்தது என்பது அடுத்தவன் பத்திரத்தில் கிடக்கிறது. அப்புறம் சாட்சிக் கையெழுத்தையும் விடாதீர்கள். கைநாட்டாக இருந்தாலும் பக்கத்தில் இன்னார் மகன் என்று எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் சொந்தக்காரனாகவோ பக்கத்து வீட்டுக்காரனாகவோ இருப்பான்.

உங்கள் ஊர் மிட்டாவாக (நிரந்தர வரிக்குத் தனி ஒருவரிடம் விடப்பட்ட கிராமத் தொகுதியாக) இருந்ததா என்று விசாரிக்காமல் தாலுக்கா ஆபீசுக்கு நடப்பதும் வீண் அலைச்சல்தான். 1802-க்குப் பிறகு சேலம் ஜில்லாவில் ஏகப்பட்ட கிராமங்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து நிரந்தர வரிக்கு விட்டுவிட்டார்கள். மிட்டாநூலஹள்ளி, மிட்டாரெட்டிஹள்ளி என்று இன்றும் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓசூர்ப் பக்கம் பாகலூர், சூளகிரி, பேரிகை பாளையங்கள் வேறு. இந்த ஊர்களில் குடியானவன் யார், எவ்வளவு கட்டினான் என்பதெல்லாம் மிட்டாதார் வீட்டுக் கணக்கு, சர்க்கார் கணக்கில் மிட்டாதார் பெயர் மட்டும் இருக்கும். 1948 சட்டத்தில் ஜமீன், மிட்டா எல்லாம் ஒழிந்த பிறகு நடந்த செட்டில்மெண்டில்தான் பல குடும்பங்களின் பெயர் சர்க்கார் ஏட்டில் முதன்முதலாக ஏறியது. அதற்கு முன்னால் பெயர் இல்லை என்பதற்காக ஊரிலேயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஊர் ஊழியம் செய்த குடும்பங்கள் இதற்கு நேர்மாறு. பூசாரி, தோட்டி, தலையாரி போன்றவர்களுக்கு மானிய நிலம் இருந்திருந்தால், மானிய நிலங்களை விசாரித்துப் பதிய 1858-ல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேட்டைப் பாருங்கள். முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு இவர் என்ன உறவு, வயது என்ன என்று வரிசையாகக் கட்டம் கட்டமாக இருக்கும். பெரிய பட்டாதாரர் குடும்பங்களுக்குக்கூட இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. அந்தப் பதிவேட்டைப் பிராமணர், கோயில் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம்.

பெயர் விஷயத்தில் அவசரம் ஆகாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், அதனால் முனியப்பன் மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முனியப்பன் என்று ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு ஆட்களை ஒருவராக்கிவிட்டு "எங்க பூட்டன் நூத்திமுப்பது வருஷம் இருந்தார்" என்று பெருமைப்படுவது இப்படித்தான் நடக்கிறது. பெண்களைப் பெரும்பாலும் "இன்னார் பெண்சாதி" என்று எழுதியிருப்பார்கள், சில இடத்தில் சொந்தப் பெயரே இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் குழந்தைக்குப் பெயர் இல்லாமல் "ஆண் குழந்தை, தகப்பன் இன்னார்" என்று மட்டும் இருப்பதும் சகஜம். சாதிப் பெயரும் மாறியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பல சமூகங்கள் மனுக் கொடுத்துப் போராடிப் பெயரை மாற்றிக்கொண்டன, ஆகவே ஏட்டில் கேட்கக் கூசும் பெயர் ஒன்றைப் பார்த்ததும் "இது நாங்க இல்ல" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஓசூர்ப் பக்கம் பழைய கணக்கு தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கும், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

ஊரில் ஆளே காணோம் என்றால் வெளியே தேட வேண்டும். 1880-களிலிருந்து கோலார் தங்க வயல் நம் ஆட்களை இழுத்தது, கிருஷ்ணகிரியிலிருந்து கூப்பிடு தூரம்தானே. கடல் கடந்தவர்களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் விவரம் அசத்தலாக இருக்கும். 1860 முதல் 1911 வரை ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர் போனார்கள், அதில் பெரும்பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, ஊர், உடம்பில் என்ன தழும்பு என்பது வரை பட்டியலில் உண்டு. மொரீஷியஸ் போனவர்களின் பதிவுகள் அங்கே மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன, சிலருக்குப் போட்டோவே இருக்கிறது. இலங்கைக்குக் கங்காணி (தோட்டக் கூலிக்கு ஆள் சேர்ப்பவர்) கூட்டிப் போனவர்களுக்கு இந்த மாதிரி ஆளுக்கொரு தாள் கிடையாது. கப்பல் பட்டியலில் அவர்களைத் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று உட்காரக் கூடாது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்த உறவினர் வீட்டுக் காகிதங்களிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் வழி.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பதிவு லத்தீனில் இருக்கலாம். தர்மபுரி மறைமாவட்டம் 1997-ல்தான் வந்தது, அதற்கு முன் சேலம், சேலத்துக்கும் முன் வேறு ஆட்சி, ஏடும் அதன்கூடவே இடம் மாறியிருக்கக் கூடும்.

இன்னொன்று, சொன்னால் கோபம் வரும். அதியமான் படையில் தளபதி, நடுகல்லில் இருப்பவர் எங்கள் பாட்டன் என்று பூட்டனுக்கு மேலே நேராக ஆயிரம் வருஷம் தாவிவிடுகிறார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்கள் அருமையானவை, போய்ப் பாருங்கள், ஆனால் 1850-ல் கூலிக்குப் போன முனியனையும் அந்தக் கல்லையும் இணைக்க இடையில் முப்பது தலைமுறைக்காவது ஆதாரம் வேண்டும். அந்த முனியனின் அப்பன் பெயரைக் கண்டுபிடித்தாலே பெரிய காரியம்.

கிடைத்ததை எழுதும்போது எந்த ஆபீஸ், எந்தப் பதிவேடு, எந்தப் பசலி, எந்தப் பக்கம் என்று கூடவே குறித்துக்கொள்ளுங்கள், பாட்டி சொன்னது என்றால் பாட்டி சொன்னது என்றே எழுதுங்கள். வெறும் போட்டோ எடுத்து போனில் வைத்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எந்த ஊர்ப் பத்திரம் அது என்று எடுத்தவருக்கே தெரியாது.