ஐபோனில் மட்டும் உடைகிற வேர்ட்பிரஸ் தளம்: எங்கிருந்து தேடுவது?

உங்கள் கணினியில், குரோமில், தளம் பளிச்சென்று இருக்கிறது. ஐபோன் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் “மெனுவே திறக்க மாட்டேங்குது” என்கிறார். வேர்ட்பிரஸில் தளம் நடத்தும் எவருக்கும் என்றாவது ஒருநாள் வரும் புகார் இது. கூகுளில் கிடைத்த சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் குறிமொழி) துண்டுகளை எடுத்து ஒட்ட ஆரம்பிக்காதீர்கள். பல சமயம் பிரவுசர் மேல் தப்பே இருக்காது. அதனால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவோம்.

படி 1: புகாரை முழுசாக வாங்குங்கள்

எந்தப் பக்கம், எந்த போன், ஐஓஎஸ் பதிப்பு எண் என்ன, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். இவை இல்லாமல் தேடுவது வீண்வேலை. பதிப்பு எண்ணை நான் வற்புறுத்திக் கேட்பேன். காரணம், ஐபோனின் சொந்த பிரவுசரான சஃபாரி தனியாக அப்டேட் ஆவதில்லை, ஐஓஎஸ் கூடவேதான் வரும். ஐபோன் 7, ஐஓஎஸ் 15உடன் நின்றுவிட்டது. அதில் குரோம் போட்டுக்கொண்டாலும் தப்பிக்க முடியாது. ஐஓஎஸ் 15இல் எந்த பிரவுசராக இருந்தாலும் உள்ளே ஓடுவது, பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சரியில்லை என்று யாராவது சொன்னால் அதை விட்டுவிடலாம். வேர்ட்பிரஸ் 2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்போடு அதைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் மைக்ரோசாஃப்டும் கைகழுவிவிட்டது.

படி 2: கேஷ் விளையாட்டா என்று பாருங்கள்

கேஷ் ப்ளகின்கள் பொதுவாக லாகின் செய்திருப்பவருக்குப் புதிய பக்கத்தையும், வெளியாட்களுக்குச் சேமித்து வைத்த பழைய பக்கத்தையும் தரும். நீங்கள் அட்மினாக உள்ளே இருந்து பார்ப்பது ஒன்று, வாசகர் பார்ப்பது வேறு. பார்ப்பதற்கு பிரவுசர் கோளாறு போலவே இருக்கும். உங்கள் குரோமிலேயே இன்காக்னிட்டோ திறந்து பாருங்கள். அங்கேயும் உடைந்திருந்தால், கேஷ் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். சரியாகிவிட்டால் வேலை முடிந்தது.

படி 3: கோளாறை உங்கள் கண்ணால் பாருங்கள்

குரோமின் டெவலப்பர் டூல்ஸில் ஐபோன் என்று தேர்ந்தெடுத்தால் திரையின் அளவுதான் மாறும். உள்ளே ஓடுவது அப்போதும் குரோம்தான். எனவே அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். யாரிடமாவது போனைக் கடன் வாங்குங்கள். முடியாவிட்டால் பிரவுசர்ஸ்டாக் போன்ற சேவையில் உண்மையான போன்களை வாடகைக்குப் பார்க்கலாம். லினக்ஸ் இருந்தால் க்னோம் வெப் பிரவுசரை நிறுவலாம். அதுவும் வெப்கிட்டில் ஓடுவதால் ஓரளவு துப்பு கொடுக்கும்.

படி 4: கெட்டது தோற்றமா, வேலையா?

தொடக்கநிலையில் பலர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. ஆனால் இங்கேதான் பாதி விடை இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் தனக்குப் புரியாத வரி வந்தால் பிரவுசர் அதை மட்டும் தாண்டிப் போய்விடும். இடைவெளி குறையும், படம் நகரும், ஆனால் பக்கம் நிற்கும். மெனு, ஸ்லைடர் போன்றவற்றை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டில் அந்தத் தாராளம் கிடையாது. புரியாத இலக்கணம் ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது.

ஓர் உதாரணம். எழுத்துக்கோவைகளைத் தேடிப் பொருத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், ஓர் இடத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ‘லுக்பிஹைண்ட்’ என்றொரு வசதி உண்டு. குரோம் பல ஆண்டுகளாக அதை ஏற்கிறது. சஃபாரி 2023இல் வந்த 16.4 பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. ஏதோ ஒரு ஃபார்ம் ப்ளகின் மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தியிருக்கிறது என்று வையுங்கள். ஐஓஎஸ் 15ஐத் தாண்டாத ஐபோன் 7இல் அந்த ஃபார்ம் மட்டும் படுத்திருந்தால் சுலபமாகப் பிடித்துவிடலாம். ஆனால் தளத்தை வேகமாக்குகிறேன் என்று எல்லா ஸ்கிரிப்டையும் ஒரே கோப்பாக இணைக்கும் ப்ளகினும் இருந்தால், ஃபார்மோடு மெனு, ஸ்லைடர் எல்லாமே சேர்ந்து விழும். புகார் மெனுவைப் பற்றி வரும், கோளாறு ஃபார்மில் இருக்கும்.

ஆகவே ஏதோ வேலை செய்யவில்லை என்ற புகார் என்றால், முதல் காரியமாகக் கோப்புகளை இணைக்கும் அந்த வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். மெனு உயிர்பெற்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இப்போது கன்சோலில் (பிரவுசர் தன் பிழைகளைப் பட்டியலிடும் இடம்) வரும் சிவப்பு எழுத்துப் பிழை, குற்றவாளிக் கோப்பின் பெயரையும் காட்டிவிடும். பெரும்பாலும் அந்தக் கோப்பின் முகவரியிலேயே ப்ளகின் பெயர் இருக்கும்.

படி 5: பெயர் தெரியாவிட்டால்

‘ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங்’ ப்ளகினை நிறுவி, அதன் ட்ரபிள்ஷூட்டிங் முறையை இயக்குங்கள். எல்லா ப்ளகின்களும் உங்களுக்கு மட்டும் அணைந்திருக்கும், வாசகர்களுக்கு எதுவும் மாறாது. கோளாறு வரும் போனிலேயே லாகின் செய்து இயக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்புறம் பாதி ப்ளகின்களை இயக்கிப் பாருங்கள். கோளாறு திரும்பினால் அந்தப் பாதியில் இருக்கிறது, இல்லையென்றால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் 16 ப்ளகின்களில் ஒன்றைப் பிடிக்க 4 சுற்று போதும்.

படி 6: சரிசெய்யுங்கள்

ப்ளகின் என்றால் அப்டேட் செய்யுங்கள். தீராவிட்டால் அதன் ஆதரவுப் பக்கத்தில் பதிப்பு எண்ணோடும் கன்சோல் பிழையோடும் எழுதுங்கள். பதில் வரும்வரை மாற்று ப்ளகின்.

சிஎஸ்எஸ் என்றால், கேன் ஐ யூஸ் தளத்தில் அந்த வசதி எந்தப் பதிப்பிலிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள். பழைய முறையை முதல் வரியிலும் புதியதை அடுத்த வரியிலும் எழுதினால் போதும். புரிகிற பிரவுசர் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், புரியாதது முதல் வரியோடு நிற்கும். இதைத் தீமின் கோப்பில் எழுதாதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். கூடுதல் சிஎஸ்எஸ் பகுதியிலோ சைல்டு தீமிலோ (அசல் தீமைத் தொடாமல் அதன்மேல் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) எழுதுங்கள்.

படம் மட்டும் தெரியவில்லையா? ஏவிஐஎஃப் வடிவமா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் 6.5 முதல் அதை ஏற்கிறது, ஆனால் ஐபோனில் ஐஓஎஸ் 16 வேண்டும். வெப்பி வடிவத்துக்கு ஐஓஎஸ் 14 போதும்.

தமிழ் எழுத்து ஒவ்வொரு கருவியிலும் வேறு மாதிரி தெரிகிறது என்பது தனிக்கதை. தீமின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் விண்டோஸ் நிர்மலா யூஐ எழுத்துருவையும், ஆண்ட்ராய்டு பெரும்பாலும் நோட்டோவையும், ஐபோன் தமிழ் சங்கம் எம்என்னையும் போட்டுக்கொள்ளும். ஒரு தமிழ் வலை எழுத்துருவைத் தளத்திலேயே ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

எதை மாற்றினாலும் ப்ளகின் கேஷ், ஹோஸ்டிங் கேஷ், கிளவுட்ஃபிளேர் இருந்தால் அதன் கேஷ், மூன்றையும் அழித்துவிட்டு, புகார் சொன்னவரின் அதே போனிலேயே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.