வால் வெட்டியதும் ஓடிய ஸ்கிரிப்ட்

வேளச்சேரியில் ஒரு அச்சகத்துக்காக, டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருந்த கோப்புகளை யூனிகோடாக்கும் லைப்ரரி ஒன்றை பைத்தான் மொழியில் எழுதினேன். பெயர் ‘மாற்றி’. அதை டெர்மினலில் ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு ‘மாற்றி.பிஒய்’ என்று பெயர் வைத்தேன். இரண்டையும் டெபியன் லினக்ஸில் நிறுவும் பொதியாக (பேக்கேஜ்) மாற்றி, அங்கே நிறுவியதும் ‘இம்போர்ட் எரர்’, அதாவது லைப்ரரியை உள்ளே இழுக்க முடியவில்லை என்ற பிழை. என் லேப்டாப்பில் ஸ்கிரிப்டை விட்டுவிட்டு, ‘பைத்தான் -எம் மாற்றி’ என்று லைப்ரரியையே நேரடியாக ஓட்டிப் பார்த்ததால் இது தெரியவே இல்லை.

அரை நாள் தேடினேன். பைத்தான் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்போது, அது கேட்கும் லைப்ரரியை அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் தேடும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால், லைப்ரரிக்குப் போகாமல் ஸ்கிரிப்ட் தன்னையே இம்போர்ட் செய்துகொண்டிருந்தது!

‘.பிஒய்’ வாலை வெட்டினேன், சரியாகிவிட்டது. டெபியன் விதிமுறையும் அதையே சொல்கிறது: கட்டளைப் பெயரில் மொழியின் வால் கூடாது. நாளைக்கு அதையே கோ மொழியில் எழுதினாலும், பயன்படுத்துபவர் அடிக்கும் கட்டளை மாறாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

அப்புறம் பொதியையும் இரண்டாக்கினேன்: லைப்ரரி ‘பைத்தான்3-மாற்றி’, கட்டளை வெறும் ‘மாற்றி’. பெர்ல் மொழியில் எழுதியிருந்தால் லைப்ரரிப் பொதி ‘லிப்மாற்றி-பெர்ல்’ ஆகியிருக்கும்.

“தம்பி, மாற்றின்னு மட்டும் அடிச்சா போதுமா?” என்று கேட்டார் அச்சக அண்ணன்.

“போதும்ணே.”